விரால் ஃபிராக்கை அடிக்குது, ஆனா மாட்ட மாட்டேங்குது. ராடா, நரம்பா, நானா?

கோபி_பேரன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கமுங்க. திருப்பூர்ல பனியன் கம்பெனியில செக்கிங்ல இருக்கேன். ஞாயித்துக்கெழமை ஒரு நாள்தான் லீவு. அம்மா ஊரு கோபி பக்கம், அரக்கன்கோட்டை வாய்க்கால் பாசனம். அப்புச்சி வயலுக்குத் தெக்கால ஒரு குட்டை இருக்குது. ஊர்ப் பொதுக்குட்டை இல்லீங்க, எங்க அப்புச்சியும் அவரு பங்காளிகளும் சேர்ந்து வெட்டுனது. யாருக்கும் குத்தகைக்கு விடல. பாதிக்கு அல்லித்தழை, ஓரம் பூரா சம்பு. விரால் நெறையா இருக்குது, மேல வந்து மூச்சு வாங்கிட்டுப் போற சத்தம் கரையில உக்காந்தாலே கேக்கும்.

சின்ன வயசுல மண்புழு கோத்து, தங்கூசி நரம்புல ஜிலேபியும் கெளுத்தியும் புடிச்சதுதான் எனக்குத் தெரிஞ்ச தூண்டில். ஆடித் தள்ளுபடியில ஆன்லைன்ல ராடும் ரீலும் சேர்ந்த செட்டு 1,450 ரூபாய்க்கு வாங்கினேன். ராடு 7 அடி, இழுத்து நீட்டற மாதிரி, மீடியம் லைட்டுன்னு போட்டிருக்குது. ரீலு 2000 சைஸ். கூட வந்த நைலான் நரம்பு 0.30 மில்லிமீட்டர். ரெண்டு ரப்பர் ஃபிராக், அதாவது தவளை மாதிரி செஞ்ச போலி இரை, தனியா வாங்கினேன்.

மூணு ஞாயிறு போயாச்சுங்க. பதினோரு தடவை அடிச்சுது. ஒண்ணு கூட கரைக்கு வரல. போன வாரம் ஒண்ணு பாதி தூரம் வந்து, ஒரு துள்ளு துள்ளி முள்ளைத் துப்பிருச்சு.

இன்னொரு விசயம். குட்டையில சோத்தாங்கைப் பக்க மூலையில, தண்ணி மேல செவப்பா பொடிப்பொடியா ஒரு கூட்டம் இருக்குது. தூறல் விழுந்தாப்புல கொப்புளிச்சுட்டே நகருது. அதுக்குப் பக்கத்துல ஃபிராக்கைப் போட்டா போட்ட உடனே அடி விழுது. மத்த எடத்துல அவ்வளவா இல்ல. அதனால அந்த மூலையிலயே நின்னு போட்டுட்டு இருக்கேன்.

ராடு மாத்தணுமா, நரம்பு மாத்தணுமா, இல்ல மீனு அடிச்சதும் முள்ளு ஏறணும்னு நான் ராடை வெட்டி இழுக்கற நேரம் தப்பா? அப்பறம், நஞ்சராயன் குளம் எனக்கு வண்டியில பத்து நிமிசம். வார நாள்ல பொழுதோட அங்க போய் போடலாமுங்களா?

---

சூலூர்_கரை எழுதியது:

மொதல்ல ஃபிராக்கோட முள்ளு நுனியப் பாருங்க. புதுசுல ரெண்டு முள்ளும் ரப்பர் முதுகோட ஒட்டிப் படுத்திருக்கும். தழையில மாட்டாம வரணும்னு அப்படிச் செஞ்சிருக்காங்க. குறடு வெச்சு ரெண்டையும் கொஞ்சோண்டு வெளிப்பக்கமா, ஒரு நூல் அளவு வளைச்சு விடுங்க. ரப்பரைக் கையில அமுக்கிப் பாருங்க. சுலபமா அமுங்கி முள்ளு வெளிய தெரியணும். கெட்டியா இருந்தா சுடுதண்ணியில ஒரு நிமிசம் போட்டு எடுத்து நாலு தடவை நசுக்குங்க. உள்ள தண்ணி ஏறியிருந்தாலும் அமுங்காது, அப்பப்ப புழிஞ்சு விடணும். எனக்கு இதுலயே பாதி சரியாச்சு.

---

கூடுதுறை_தறி எழுதியது:

தம்பி, மொதல்ல அந்த மூலைய விட்டு வெளிய வாங்க. ராடு, நரம்பு பழமையெல்லாம் அப்பறம்.

அந்தச் செவப்புக் கூட்டம் விரால் குஞ்சு. பொறந்து கொஞ்ச நாள்ல அப்படித்தான் ஆரஞ்சும் செவப்புமா இருக்கும். விராலுக்குச் செவுள் மட்டும் பத்தாது, மேல வந்து காத்தையும் குடிச்சாகணும். குஞ்சும் அப்படித்தான். ஆயிரக்கணக்குல ஒட்டுக்கா மேல வந்து மூச்சு வாங்குறதுதான் உங்க கண்ணுக்குத் தூறலாத் தெரியுது. அதுக்கு நேர் அடியில தாயும் தகப்பனும் நிக்கும். முட்டையிடறதுக்கு முந்தி தழைய ஒதுக்கி எடம் பண்ணுறதுல இருந்து, குஞ்சு நெறம் மாறிக் கருத்துப் பிரிஞ்சு போற வரைக்கும் அதுக காவல் இருக்கும். கூட்டம் நகர்ந்தா கூடவே நகரும். ஜிலேபி வந்தாலும் தவளை வந்தாலும் விரட்டும்.

உங்க ஃபிராக்கு அதுக்கு இரையில்ல, குஞ்சு திங்க வந்த தவளை. அதனாலதான் போட்ட உடனே அடி விழுது. பதினோரு அடியில பாதிக்கு மேல அது வாயைச் சரியாத் தொறந்திருக்காது. மூஞ்சியால முட்டித் தள்ளிருக்கும். பசியில அடிக்கற விரால் ஃபிராக்கை உள்ள உறிஞ்சும், "பொளக்"னு ஒரு கனத்த சத்தம் வரும், தண்ணியில குழி விழும். காவலுக்கு அடிக்கறதுல தண்ணி தெறிக்கும், சத்தம் பட்டுனு இருக்கும். ரெண்டும் வேற வேற. நீங்க கேட்டது எந்தச் சத்தம்னு நெனச்சுப் பாருங்க.

இதை நான் படிச்சுத் தெரிஞ்சுக்கல. இருபது வருசத்துக்கு முந்தி, காலிங்கராயன் பாசனத்துல மஞ்சக்காட்டு ஓரம் ஒரு பள்ளத்துல இதே மாதிரி ஒரு கூட்டம் பார்த்தேன். புரட்டாசி மாசம். அப்ப எனக்கு நல்ல தூண்டில் கூட இல்ல, உயிர்த் தவளை கோத்துப் போட்டேன். கால் மணி நேரத்துல ரெண்டையும் புடிச்சேன். ஒண்ணு ஒன்றரைக் கிலோ, இன்னொண்ணு ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல. வீட்ல கொழம்பு வெச்சாங்க, பக்கத்து வீட்டுக்கும் குடுத்தோம். மறுநா வெடியால திரும்பப் போனேன், இன்னும் கெடைக்குமான்னு. கூட்டம் பாதியாயிருந்துச்சு. ஓரத்துக் கம்பி மேல ரெண்டு மீன்கொத்தி. ஒண்ணு மாத்தி ஒண்ணு எறங்கி எறங்கி எடுக்குது. அடியில இருந்து கெளுத்தி அடிக்குது. குஞ்சுக எங்க போறதுன்னு தெரியாம அதே எடத்துலயே சுத்துதுக. நாலாம் நாள் போனா தண்ணி அசையல. அந்தப் பள்ளத்துல அப்பறம் மூணு வருசம் எனக்கு விரால் கண்ணுல படவேயில்ல. இப்பவும் அந்த வழியா போனா எனக்கு மஞ்சக்காடு ஞாபகம் வராது, அந்த அசையாத தண்ணிதான் வரும்.

உங்க அப்புச்சி குட்டையில வெளிய இருந்து மீன் வர்றதுக்கு வழி கம்மி. அந்த ஜோடிய எடுத்தீங்கன்னா ஒரு தலைமுறைய எடுத்த மாதிரி.

இப்ப உங்க ராடுக்கு வர்றேன். நான் பவானியில ஜமக்காளத் தறியில உக்கார்றவன். மீனைப் பத்தி எவ்வளவு தெரியுமோ, நூலைப் பத்தி அதவிட எச்சாத் தெரியும். உங்க பிரச்சினையில பாதி நரம்புல இருக்குது. நைலான் நரம்பு இழுத்தா நீளும். அறுந்து போறதுக்கு முந்தி நூத்துக்கு இருபது, இருபத்தஞ்சு வரைக்கும் நீளக்கூடியது. இருபது மீட்டர் தள்ளி தழைக்குள்ள மீனு, உங்க கையில மெல்லிசு ராடு. நீங்க வெட்டுற வெட்டு பூரா ராடு வளையறதுலயும் நரம்பு நீள்றதுலயும் கரைஞ்சு போயிருது. ஒரு சோதனை பண்ணிப் பாருங்க. முள்ளு எதுவும் கட்டாம நரம்பு நுனிய உங்க மாமன் கையில குடுத்துட்டு, இருபது மீட்டர் தள்ளி நின்னு ராடை வெட்டுங்க. அவரு கைக்கு எவ்வளவு வருதுன்னு கேளுங்க. விராலுக்கு வாய் எலும்பு கெட்டி, பல்லும் உண்டு. அவ்வளவு இழுப்புல முள்ளு அதுல எறங்காது.

அதனால பிரெய்டு போடுங்க. 40 பவுண்டு போதும், அதாவது 18 கிலோ. பிரெய்டுங்கறது பின்னல் நூலு. நாலு பிரியில பின்னுனதும் உண்டு, எட்டுப் பிரியில பின்னுனதும் உண்டு. எட்டுப் பிரி வழவழன்னு இருக்கும், தூரமாப் போகும், வெலையும் ஜாஸ்தி. கடைக்காரரு அதைத்தான் காட்டுவாரு. நீங்க நாலு பிரி வாங்குங்க. அது கொஞ்சம் சொரசொரப்பு. மீனு அல்லித்தண்டுக்குள்ள சுத்திக்கிட்டா அந்தச் சொரசொரப்பு ரம்பமாட்ட தண்டை அறுத்துட்டு வரும். வழவழ நூலு தண்டு மேல வழுக்கி நிக்கும். தழைக் குட்டைக்கு நாலு பிரிதான். ரீல்ல சுத்தும்போது அடியில பத்துச் சுத்து பழைய நைலானை விட்டு அதுக்கு மேல பிரெய்டைச் சுத்துங்க. இல்லேன்னா ரீலு உருளையில பிரெய்டு வழுக்கிச் சுத்தும், நீங்க டிராக் (மீனு இழுத்தா நூலை விட்டுக் குடுக்கற பிடிமானம்) கெட்டுப் போச்சுன்னு நெனப்பீங்க. நூலு ஏத்தும்போது ஈரத்துணியில புடிச்சு இறுக்கமா ஏத்தணும். தறியில பாவு தளர்ந்தா என்ன கதியோ அதே கதிதான் இங்கயும், ரெண்டாவது வீச்சுலயே சிக்கு விழுந்துரும். வீசுன பின்னால ரீல்ல நூலைப் புடிக்கற வளைஞ்ச கம்பிய, ரீலு கைப்புடியச் சுத்தி மூடாதீங்க, கையால மூடுங்க.

முடிச்சு பாலோமார் போடுங்க. நூலை ரெண்டா மடிச்சு முள்ளுக் கண்ணுல விட்டு, ஒரு சாதா முடிச்சு தளர்வாப் போட்டு, அந்த வளையத்துக்குள்ள ஃபிராக்கை முழுசா விட்டு எடுத்து, எச்சில் தடவி இறுக்குங்க. வளையம் பெருசா விட்டாத்தான் ஃபிராக் உள்ள போகும். சாதா முடிச்சு பிரெய்டுல வழுக்கி அவுந்துரும்.

ராடு: ஆறரையில இருந்து ஏழடி, மீடியம் ஹெவி (கொஞ்சம் வெறைப்பானது), ரெண்டு துண்டா வர்றது. நீட்டற ராடுல ஒவ்வொரு கணுவும் ஒரு மூட்டு, வேகமா வெட்டுனா அங்கதான் சுத்தும் இல்லேன்னா ஒடையும். உங்க பழைய ராடை வெச்சு கெண்டை, ஜிலேபி புடிங்க, அதுக்கு அது நல்ல ராடு. காசு கொஞ்சம்னா ராடுக்கும் நூலுக்கும் செலவு பண்ணுங்க. 3000 சைஸ் ரீலு அடுத்த வருசம் பார்த்துக்கலாம்.

வெட்டுற நேரம்: சத்தம் கேட்ட உடனே வெட்டாதீங்க. எல்லாரும் பண்ற தப்பு இது. சத்தம் கேட்டதும் ராடு நுனிய மீனைப் பார்த்துத் தாழ்த்துங்க, தொங்குற நூலைச் சுத்தி எடுங்க, கைக்குக் கனம் தெரியணும், அப்ப வெட்டுங்க. வெட்டுன பின்னால நிக்கக்கூடாது. தலையத் தண்ணிக்கு மேல வெச்சு, தழை மேலயே வழுக்க வெச்சுக் கொண்டாந்துரணும். மாட்டலேன்னா ஃபிராக்கை அவசரப்பட்டு எடுக்காதீங்க. அப்படியே சித்த நேரம் விடுங்க. பசிச்ச விரால் திரும்ப வரும். எடம் பார்க்கறது காதாலதான். வெடியாலயிருந்து எட்டு மணி வரைக்கும், அப்பறம் நாலு மணிக்கு மேல, தழைக்கு நடுவுல இருக்கற சந்துல மூச்சு வாங்குற சத்தம் வர்ற எடத்துக்கு ரெண்டடி தாண்டிப் போட்டு இழுத்துட்டு வாங்க. தலை மேலயே போட்டா ஓடிரும்.

ஒண்ணு மறக்காதீங்க. நல்ல ராடு எல்லாம் கார்பன். கரண்டு பாயும். வயக்காட்டுல மோட்டருக்குப் போற கம்பி தாழ்வாத் தொங்குற எடம் உங்களுக்குத் தெரியும். வீசறதுக்கு முந்தி ஒவ்வொரு தடவையும் மேல பாருங்க. வரப்புல நடக்கும்போது ராடைக் கழட்டி ரெண்டு துண்டா எடுத்துட்டுப் போங்க.

நஞ்சராயன் குளத்துக்குப் போகாதீங்க. 2022லயே அதைப் பறவைகள் சரணாலயமா அறிவிச்சாச்சு, 2024ல ராம்சர்ங்கற உலக ஈரநிலப் பட்டியல்லயும் சேர்ந்திருச்சு. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். அறுந்து விட்ட நரம்பு நாமக்கோழி கால்ல சுத்துனா அதுக்குப் பறக்கவும் முடியாது, நீந்தவும் முடியாது. எங்க ஊர்ல படித்துறையில முள்ளை விட்டுட்டுப் போறவங்களைப் பார்த்தாலும் எனக்கு மனசு பொறுக்காது. ஆடி பதினெட்டுக்கு அத்தனை சனம் வெறுங்கால்ல எறங்குது. நான் படிக்கு அக்கட்டால, பாறைப் பக்கம்தான் போவேன். அங்கயும் கதவணையில தண்ணி தொறந்தா திடீர்னு ஏறும், ஒரு கண்ணு ஆத்து மேல இருக்கணும்.

---

காங்கேயத்தார் எழுதியது:

கூடுதுறைக்காரர் சொன்னது அத்தனையும் சரிங்க. ஆனா தம்பிக்கு இவ்வளவு செலவு எதுக்குன்னு எனக்குத் தோணுது. எங்க அப்பாரு மூங்கில் கோல்ல, தங்கூசியில, உயிர்த் தவளை கோத்து ரெண்டு கிலோ விரால் எடுத்திருக்காரு. கோல்ல நரம்பு நீளம் கம்மி, அதனால நீள்றதும் கம்மி. கோல் கெட்டி. தழைக்கு நேர் மேல நிறுத்தி, தொட்டுத் தொட்டு எடுத்தா விரால் விடாது. குட்டை சின்னதுன்னா வீசறதுக்கே வேலையில்ல. மூங்கிலை மாத்திரம் மார்கழி, தை மாசம் வெட்டி, நெழல்ல காய வெச்சு, நெருப்புல வாட்டி நிமிர்த்திக்கணும். ஈரத்துல வெட்டுன மூங்கில்ல வண்டு விழுந்துரும்.

குஞ்சு இருக்கற எடத்துல போடக்கூடாதுன்னு எங்க அப்பாரும் சொல்லுவாரு. "பார்ப்புக்காரிய விட்டுரு"ம்பாரு, குஞ்சு வெச்சிருக்கற தாய் மீனைத்தான் அப்படிச் சொல்லுவாரு.

---

பொள்ளாச்சி_தோப்பு எழுதியது:

இந்த இழையைப் படிச்சதுல எனக்கு ரொம்ப சந்தோசம். நானும் எங்கப்பாவும் வருசத்துல நாலஞ்சு தடவை பாலக்காடு வழியா பொன்னானிக்குப் போவோம். பாரதப்புழை கடல்ல சேர்ற எடம். இங்க இருந்து ராத்திரி ரெண்டு மணிக்குக் கெளம்புனா விடியறதுக்குள்ள போயிரலாம். அங்க கொடுவா, செம்பல்லி, சின்னப் பாறை மீனு. கோபித் தம்பி இப்ப வாங்கப் போற ராடு அதுக்கும் ஆகும், அதனால ஒரே ஒரு ராடு வாங்குனா ரெண்டுக்கும் வர்ற மாதிரி வாங்குங்க.

ஆனா நூலு நேரா முள்ளுல கட்டுறது அங்க ஆகாது. கொடுவாவோட செவுள் மூடி ஓரம் கத்தி மாதிரி. தலைய ஒரு ஆட்டு ஆட்டுனா பிரெய்டு அறுந்துரும். அதனால நுனியில ரெண்டு முழம் தடிச்ச ஃபுளோரோகார்பன் நரம்பு சேர்க்கணும், லீடர்ம்பாங்க. செம்பல்லி வேற ரகம். அடிச்ச உடனே கல்லுக்குள்ளயோ வேருக்குள்ளயோ பாயும். அதுக்கு டிராக்கை முழுசா இறுக்கி, மொதல் ரெண்டு நொடியில தலையத் திருப்பணும். எனக்கு மொத வருசம் ஒரு செம்பல்லி கூட வெளிய வரல, அத்தனையும் வேர்ல போச்சு. கடல் வத்தி தண்ணி எறங்குற நேரம் நல்லது. ஓடைக்குள்ள இருக்கற பொடிமீனெல்லாம் வெளிய வரும், கொடுவா ஓடை வாசல்ல காத்துட்டு நிக்கும். தண்ணி ஏறவும் இல்லாம எறங்கவும் இல்லாம நிக்கற நேரத்துல சாப்பிட்டுக்கலாம்.

உப்புத்தண்ணிக்குப் போயிட்டு வந்தா அன்னைக்கு ராத்திரியே ரீலை நல்ல தண்ணியில கழுவணும். டிராக்கை இறுக்கி வெச்சு மேலாப்புல தண்ணி தெளிச்சாப் போதும், பைப்பை நேரா வெச்சு அடிக்கக் கூடாது, அடிச்சா உப்பு உள்ள போயிரும். கழுவுன பின்னால டிராக்கைத் தளர்த்தி வெச்சுருங்க.

விரால் ஜோடி பத்திப் படிச்சப்ப எனக்கு எங்கப்பா சொல்றது ஞாபகம் வந்துச்சு. கொடுவா மொதல்ல ஆணாத்தான் இருக்கும், பெருசாக ஆகத்தான் பொண்ணா மாறும். அப்ப பெரிய கொடுவா எல்லாம் முட்டை போடற மீனு. நாங்க ஒரு நடுத்தரமான மீனை வீட்டுக்கு எடுத்துக்குவோம், பெருசை போட்டோ கூட அவசரமா எடுத்துட்டு தண்ணியில விட்டுருவோம். விடும்போது வயித்துக்கு அடியில கைய வெச்சுப் புடிச்சு, அதுவா வாலை அடிச்சுப் போற வரைக்கும் நிக்கணும்.

---

சத்தி_ரோடு எழுதியது:

தம்பி அடுத்ததா பவானிசாகர் கேப்பாருன்னு நெனைக்கிறேன், எல்லாரும் கேக்கறாங்க. அணையில மீன் புடிக்க அனுமதி வாங்கணும். அக்கட்டால, மோயாறு வந்து சேர்ற பக்கம் சத்தியமங்கலம் புலிகள் காப்பகம், கரைக்கு யானை தண்ணிக்கு வரும். அங்க தூண்டிலோட போற எடமே இல்ல. அமராவதி அணையில முதலை இருக்குது, அங்கயும் ஓரத்துல எறங்காதீங்க.

மோயாறு பத்தி ஒண்ணு சொல்லியாகணும். காவேரி ஆத்துக்கே உரிய கூன்முதுகு மகசீர்ங்கற மீனு இப்ப முட்டை வெச்சுப் பெருகுற கடைசி எடங்கள்ல அது ஒண்ணு. 1946ல மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் கபினியில 120 பவுண்டு, அதாவது 54 கிலோ எடையில புடிச்சது இந்த மீனுதான். அவ்வளவு பேர் போன மீனுக்கு அறிவியல் பேரு எதுன்னு 2018லதான் உறுதி பண்ணுனாங்க. அதுக்குள்ள அது அழிவின் விளிம்புக்கே வந்திருச்சு. காவேரியிலயோ பவானியிலயோ எப்பவாச்சும் செதில் பெருசா, துடுப்பு ஆரஞ்சா ஒரு மீனு உங்க முள்ளுல வந்துச்சுன்னா தண்ணிக்குள்ளயே வெச்சு முள்ளைக் கழட்டி விட்டுருங்க.

---

கோபி_பேரன் எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. மூணு வாரம் கழிச்சு எழுதறேன், தீவாளிக்கு ஷிப்மெண்ட் நெருக்கடி, லீவே கெடைக்கல.

கூடுதுறை அண்ணா, நீங்க எழுதுனதை அப்புச்சிக்குப் படிச்சுக் காட்டுனேன். அந்த அசையாத தண்ணி வர்ற எடத்துல என்னை நிறுத்தச் சொல்லிட்டு, கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்பறம் அவரே வந்து சோத்தாங்கை மூலையில சம்பு ஓரமா ரெண்டு குச்சி நட்டு, செவப்புத் துணி கட்டி விட்டாரு. அதுக்கு அக்கட்டால யாரும் தூண்டில் போடக் கூடாதுன்னு மாமன் பசங்களுக்கும் சொல்லிட்டாரு.

நீங்க சொன்ன சோதனையும் பண்ணிப் பார்த்தோம். பழைய நரம்புல நான் எவ்வளவு வேகமா வெட்டுனாலும் மாமன் கைக்கு லேசா இழுக்கற மாதிரிதான் இருந்துச்சாம். நாலு பிரி பிரெய்டு மாத்துன பின்னால வெட்டுனேன், கையை விட்டுட்டாரு. புது ராடு மீடியம் ஹெவி, 2,100 ரூபா ஆச்சு. ரீலு பழசுதான்.

நேத்து வெடியால போனேன். பீச்சாங்கைப் பக்கம், மோட்டர் ரூமுக்கு எதுத்தாப்புல அல்லித்தழையில மூச்சுச் சத்தம் கேட்டுச்சு. ரெண்டடி தாண்டிப் போட்டேன். மொத அடியில கை தன்னால வெட்டிருச்சு, மாட்டல. ஃபிராக்கை எடுக்காம அப்படியே விட்டேன். பத்து எண்ணியிருப்பேன், "பொளக்"னு நீங்க சொன்ன அதே கனத்த சத்தம். ராடைத் தாழ்த்தி, சுத்தி, கனம் தெரிஞ்ச பின்னால வெட்டினேன். அல்லித்தண்டுல ஒரு சுத்து சுத்துச்சு, நூலு தண்டை அறுத்துட்டு வந்துருச்சுங்க. 900 கிராம். அம்மாயி கையில குடுத்தேன். எனக்குக் கை நடுக்கம் நிக்க ரொம்ப நேரம் ஆச்சு.

மூலையில கூட்டம் இன்னும் இருக்குது. ஆனா செவப்பு கம்மியாயி, பழுப்பா ஆயிருக்குது. முன்ன மாதிரி நெருக்கமா இல்ல, பரவலாத் தெரியுது. அதுக எதாச்சும் ஆயிருச்சா அண்ணா, இல்ல இது நல்லதா?

---

கூடுதுறை_தறி எழுதியது:

நல்லதுதான் தம்பி. நெறம் மாறுதுன்னா வளருதுன்னு அர்த்தம். பரவலா ஆகுதுன்னா இன்னும் கொஞ்ச நாள்ல தனித்தனியாப் பிரிஞ்சு தழைக்குள்ள போயிரும். அப்பறம் உங்க கண்ணுல படாது. அது வரைக்கும் அப்புச்சி கட்டுன துணி அங்கயே இருக்கட்டும்.

முள்ளை அழுத்தி வெட்டுனதுல ஃபிராக்கு ரப்பர் கிழிஞ்சிருக்கும், பார்த்துக்குங்க. முடிச்சையும் அறுத்துட்டுப் புதுசாப் போடுங்க, ஒரு மீனுக்கு ஒரு முடிச்சு. அப்புச்சிய நான் கேட்டதாச் சொல்லுங்க. பவானிப் பக்கம் வந்தா தறிக்கு வாங்க.